சிரித்தது சபை, பிரிந்தது உயிர்!

பிரிட்டனைச் சிரிக்க வைத்த இரண்டு வேல்ஸ்காரர்கள் கதை

1984-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

லண்டனில் அப்போது "ஹெர் மெஜஸ்டீஸ்" என்று அழைக்கப்பட்ட நாடகக் கொட்டகையில் நல்ல கூட்டம். மேடையில் நடப்பது அப்படியே டெலிவிஷனிலும் தெரிந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக் கொண்டிருந்தன.

மேடைக்கு ஒரு மனிதர் வந்தார். ஆறு அடிக்கு மேல் உயரம். பெரிய கைகள், பெரிய கால்கள். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு பெண் வந்து அவருக்கு நீண்ட அங்கி ஒன்றை மாட்டி விட்டாள். அந்த அங்கிக்குள் இருந்து பெரிய பெரிய சாமான்களை அவர் எடுத்துக் காட்ட வேண்டும். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்து நின்று, ஒவ்வொன்றாகத் தள்ளி விடுவார். அதுதான் வேடிக்கை.

திடீரென்று அவருடைய கால்கள் மடிந்தன. திரையில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்து விட்டார். சபை "கொல்" என்று சிரித்தது. அவருடைய உடல் துவண்டது. சபை மேலும் சிரித்தது. இதுவும் வேடிக்கைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். திரைக்குப் பின்னால் நின்ற ஆளும் அப்படியே நினைத்தார்.

ஆனால் அது வேடிக்கை அல்ல. மாரடைப்பு!

டெலிவிஷனில் அவசரம் அவசரமாக விளம்பரத்தைப் போட்டார்கள். திரைக்குப் பின்னால் அவரைப் பிழைக்க வைக்கப் போராட்டம் நடந்தது. திரைக்கு முன்னால் அடுத்த நடிகர்கள் வந்து ஜனங்களைச் சிரிக்க வைத்துக் கொண்டிருந்தார்கள். பிறகு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் போய் விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

அவர் பெயர் டாமி கூப்பர். அப்போது அவருக்கு வயது 63.

நிலக்கரிச் சீமை

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் இருக்கிறது, வேல்ஸ். மலையும் பள்ளத்தாக்குமான சிறிய நாடு. ஆங்கிலத்தை விடப் பழமையான சொந்த மொழி அதற்கு உண்டு. ஒரு காலத்தில் அங்கே திரும்பிய பக்கம் எல்லாம் நிலக்கரிச் சுரங்கங்கள். பகலில் சுரங்க வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் கூட்டமாகப் பாட்டு. இதுதான் அந்த ஜனங்களின் வாழ்க்கை.

அந்த மண்ணில், 1921-ம் ஆண்டில், ஆறு மாத இடைவெளியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. ஒன்று டாமி கூப்பர். மற்றொன்று ஹாரி சீக்கம். இருவரும் ஏழை எளியவர் வீட்டுப் பிள்ளைகள். இருவரும் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இருவரும் பின்னாளில் பிரிட்டன் முழுவதையும் சிரிக்க வைத்தார்கள்.

கூப்பர் பிறந்தது கேர்பில்லி என்ற ஊரில். அவருக்கு மூன்று வயதாகும்போது, குடும்பம் ஊரை விட்டு இங்கிலாந்துக்குக் குடியேறியது. எட்டு வயதில், அத்தை ஒருத்தி அவருக்கு மந்திர வித்தைச் சாமான்கள் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். அன்று பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

தவறியது வித்தை

படகு கட்டும் பட்டறையில் வேலை பழகிய நாளில், உடன் வேலை செய்தவர்கள் முன்னால் வித்தை காட்டினார். பயத்தில் கை நடுங்கியது. எல்லா வித்தையும் தவறிப் போயிற்று. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பிறகு யோசித்தார். "வித்தை பலித்தால் கை தட்டுவார்கள். பலிக்காவிட்டால் இப்படிச் சிரிக்கிறார்களே! இது நல்லதுதானே?"

1940-ல் குதிரைப் பட்டாளத்தில் சேர்ந்தார். எகிப்து நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சிப்பாய்களுக்காக நிகழ்ச்சிகள் நடத்தினார். ஒரு நாள் கெய்ரோவில், போட வேண்டிய தொப்பியை மறந்து விட்டார். பக்கத்தில் போன ஓட்டல் சர்வரின் தலையில் இருந்த துருக்கித் தொப்பியை எடுத்து மாட்டிக் கொண்டார். சிரிப்பு பொங்கியது. அன்று முதல் அந்தத் தொப்பிதான் அவருடைய அடையாளம்.

1948-ல் முதன்முதலாக டெலிவிஷனில் தோன்றினார். "இதோ, இப்படி!" என்று கையை நீட்டுவார். வித்தை பலிக்காது. விழிப்பார். தாமே சிரிப்பார். ஆனால் உண்மையில் அவர் தேர்ந்த வித்தைக்காரர். மந்திர வித்தைக்காரர்களின் பேர் பெற்ற லண்டன் சங்கத்தில் அவரும் ஓர் அங்கத்தினர். வேண்டுமென்றே தவறு செய்வதற்கும் கை சுத்தம் வேண்டும் அல்லவா?

குடியும் சுருட்டும் அவர் உடம்பைக் கெடுத்தன. 1977-ல் ரோமாபுரியில் ஒரு முறை மாரடைப்பு வந்தது. பிழைத்தார். மீண்டும் மேடை ஏறினார்.

உருண்டு வந்த பீரங்கி

ஹாரி சீக்கம், ஸ்வான்சீ என்ற துறைமுக நகரத்துப் பிள்ளை. கண் பார்வை மந்தம். ஆனால் குரல் கணீரென்று இருக்கும். சிறு வயதிலேயே மாதா கோவில் பாட்டுக் குழுவில் பாடியவர். பிறகு குமாஸ்தா வேலை. அதன் பின் பீரங்கிப் பட்டாளம்.

யுத்தத்தின்போது, வடக்கு ஆப்பிரிக்காவில், அவர் ஒரு சிறிய லாரியில் உட்கார்ந்திருந்தார். மேட்டில் இருந்து பெரிய பீரங்கி ஒன்று உருண்டு வந்து பக்கத்தில் விழுந்தது. சற்று நேரத்தில் ஒரு சிப்பாயின் தலை எட்டிப் பார்த்தது. "இந்தப் பக்கம் பீரங்கி ஏதாவது வந்ததா?" என்று கேட்டது. "என்ன கலர்?" என்று திருப்பிக் கேட்டார் சீக்கம்!

எட்டிப் பார்த்தவர் ஸ்பைக் மில்லிகன். நம் நாட்டில் அகமத்நகரில் பிறந்தவர். அன்று தொடங்கிய நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

யுத்தம் முடிந்ததும் சீக்கம் லண்டன் மேடைக்கு வந்தார். யார் யார் எப்படிச் சவரம் செய்து கொள்வார்கள் என்று நடித்துக் காட்டுவார். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாட்டை, இரண்டு குரலிலும் தாம் ஒருவரே பாடுவார்.

1951-ல் ரேடியோவில் "கூன் ஷோ" தொடங்கியது. மில்லிகன் எழுதினார். அவரோடு சீக்கமும், பீட்டர் செல்லர்சும் நடித்தார்கள். எதை நம்பினாலும் ஏமாந்து போகும் அசட்டு வீரன் வேஷம் சீக்கத்துக்கு. 1960 வரை நடந்த அந்த நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்த பையன்கள் பலர், பின்னாளில் நகைச்சுவை எழுத்தாளர்கள் ஆனார்கள். 1969-ல் டெலிவிஷனில் தொடங்கிய "மான்டி பைத்தான்" குழுவினர் அப்படி வந்தவர்களே. அவர்களில் ஒருவரான டெர்ரி ஜோன்சும் வேல்சில் பிறந்தவர்தான்.

1981-ல் சீக்கத்துக்கு "சர்" பட்டம் கிடைத்தது. பிறகு பத்து ஆண்டுகள், டெலிவிஷனில் பக்திப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். கோமாளி பாடிய பக்திப் பாட்டை ஜனங்கள் ஏற்றுக் கொண்டார்கள்.

நண்பனுக்கு ஒரு பாட்டு

சீக்கம் 2001-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காலமானார். "நல்ல வேளை, அவன் முந்திக் கொண்டான். என் சாவுக்கு அவன் வந்து பாட வேண்டாம்!" என்று மில்லிகன் கேலி செய்தார். துக்கத்திலும் அவர்கள் வழக்கம் அது.

மறு ஆண்டு மில்லிகனும் காலமானார். அவருக்காக நடந்த நினைவுக் கூட்டத்தில் ஒரு பாட்டு ஒலித்தது. பதிவு செய்து வைத்திருந்த சீக்கத்தின் குரல்தான் அது!

கூப்பருக்கு, அவர் பிறந்த கேர்பில்லியில் 2008-ல் சிலை வைத்தார்கள். வேல்சில் பிறந்த பெரிய நடிகர் ஆண்டனி ஹாப்கின்ஸ் அதைத் திறந்து வைத்தார். சிலையின் தலையிலும் அதே துருக்கித் தொப்பி.

அன்று இரவு சிரித்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் தடுமாறினால் சிரிக்க வேண்டும் என்று 36 ஆண்டுகளாக அவரே பழக்கி வைத்திருந்தார். உண்மையாகவே தடுமாறிய அன்று, அதைக் கண்டு கொள்ள ஒருவராலும் முடியவில்லை. அவர் காதில் கடைசியாக விழுந்தது, வாழ்நாள் முழுவதும் அவர் தேடிய அந்தச் சிரிப்பு ஒலிதான்.