துறைகளின் கதை – 9: வில்லியனூருக்கு வரட்டும் துறைமுகம்

சென்ற வாரம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேட்டில் இருந்தோம். 1945-ல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில் ரோமானிய மதுச்சாடியும் நம்மூர் மணியும் ஒன்றாகக் கிடந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் கடலுக்கு முதுகு காட்டி நிலத்தின் பக்கம் நடப்போம். எவ்வளவு பெரிய கப்பல் வந்து நின்றாலும், அதை நிரப்பும் சரக்கு உள்ளூர்களிலிருந்துதானே வர வேண்டும்?

1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. ஒரு முனையில் ஆங்கிலேயரின் தென்னாற்காடு, மறுமுனையில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. நீளம் 40 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் தென்னாற்காட்டுக் கொல்லைகளில் விளைந்த மல்லாட்டை (நிலக்கடலை) அந்தப் பாதை வழியாக மூட்டை மூட்டையாகக் கரைக்கு வந்தது. சலங்கு எனும் படகுகளில் ஏறி, தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் போனது. அங்கிருந்து மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் சென்றது. புதுச்சேரியில் அப்போது கப்பல் அணையும் ஆழமான துறைமுகம் இல்லை. ஆனாலும் உள்ளூர் விளைச்சலைக் கரைக்குக் கொண்டுவர ரயில் இருந்ததால் ஏற்றுமதி நடந்தது.

அந்தப் பாதை பின்னாளில் அகலப்பாதையாகி இன்றும் வில்லியனூர் வழியாக ஓடுகிறது. ஏற்றுமதிச் சரக்கோ பெரும்பாலும் லாரியில் போகிறது.

லாரியில் போகும் நேரம்

புதுச்சேரியைச் சுற்றி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை, பாகூர் கொம்யூனில் கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. மருந்து, தோல் பொருள், மின்சாதனம், இயந்திர உதிரிபாகம் எல்லாம் இங்கே தயாராகின்றன. கிருமாம்பாக்கத்தில் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் கடலூர் சாலையில் வடக்கே திரும்பினால் தவளக்குப்பம், நோணாங்குப்பம், அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் என்று ஒவ்வொரு ஊரின் நெரிசலையும் கடக்க வேண்டும். பிறகு சென்னை வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கே துறைமுக வாசலில் வரிசை. கப்பலின் கட்-ஆஃப் நேரம் தவறினால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும். பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு அந்த மாதத்து லாபமே போய்விடும்.

தேங்காய்த்திட்டில் நமக்கே ஒரு துறைமுகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2017-ல் அதன் மேம்பாட்டுக்காகப் புதுச்சேரி அரசு சென்னைத் துறைமுகத்தோடு ஒப்பந்தம் செய்தது. 2023-ல் சென்னைக்கும் இங்கேயும் சிறு கன்டெய்னர் கப்பல் ஒன்று ஓடத் தொடங்கியது. வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரம் தூர்ந்துகொண்டே இருக்கிறது. தூர்வாருவதை நிறுத்தினால் மீன்பிடிப் படகு போவதே சிரமம். கடல்வழியை மட்டும் நம்பி ஒரு வட்டாரத்தின் தொழில் நிற்க முடியாது.

கடல் இல்லாத துறைமுகம்

ரயில் பாதையோரம் ஒரு பெரிய யார்டு. அங்கேயே சுங்க அலுவலகம், கிடங்கு, கிரேன், காலி கன்டெய்னர்கள். கடல் மட்டும் இல்லை. தொழில்துறையினர் இதை ஐ.சி.டி. என்பார்கள். உள்நாட்டு ரயில் துறைமுகம் என்று நாம் சொல்லலாம். இந்தியாவில் முதலாவது 1981-ல் பெங்களூரில் வந்தது. கடலே இல்லாத நகரத்துக்குக் கப்பல் கன்டெய்னர் ரயிலில் போய்ச் சேர்ந்தது. 1988-ல் அரசின் கன்டெய்னர் போக்குவரத்து நிறுவனமான கான்கார் உருவாகி, அடுத்த ஆண்டு ரயில்வேயிடமிருந்து ஏழு ஐ.சி.டி.க்களை ஏற்றுக்கொண்டது.

உற்பத்தியாளருக்கு இதனால் என்ன பயன்? சுங்கச் சோதனை வீட்டுப் பக்கத்திலேயே முடிகிறது. ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் சிக்கல் வந்தால் சென்னைக்கு ஓட வேண்டாம். அரை மணி நேரத்தில் ஆள் போய்ச் சரிசெய்துவிடலாம். ஏற்றுமதிக்கு அனுமதி கிடைத்து சீல் வைக்கப்பட்ட கன்டெய்னர் அப்படியே ரயிலேறித் துறைமுகத்துக்குப் போகிறது. இறக்குமதியிலும் இதே வசதி உண்டு. மூலப்பொருள் சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இங்கு வந்து சேரும். வரி கட்டி எடுத்துக்கொள்ளலாம். இறக்குமதியில் காலியான கன்டெய்னர் அதே யார்டில் ஏற்றுமதிக்காரருக்குக் கிடைக்கும். காலிப் பெட்டியைச் சென்னையிலிருந்து இழுத்துவரும் வாடகை மிச்சம்.

ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 வேகன்கள் என்றால் 20 அடிப் பெட்டிகள் 90 ஏறும். ட்ரெய்லருக்கு இரண்டு பெட்டி என்று வைத்தாலும், ஒரு ரயில் புறப்பட்டால் 45 ட்ரெய்லர்கள் நெடுஞ்சாலையிலிருந்து விலகும். அரியாங்குப்பத்தில் சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

உலகமும் இந்தப் பக்கம்தான் போகிறது. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 340 கிலோமீட்டர் உள்ளே, கிரீர் என்ற ஊரில் 2013-ல் இப்படியொரு ரயில் துறைமுகம் திறந்தார்கள். அங்குள்ள பி.எம்.டபிள்யூ. கார் ஆலைதான் அதற்கு அடித்தளம். ஒரு பெரிய ஆலையின் சரக்கு ரயிலை நிலைநிறுத்தியது. அந்த வசதி சுற்றுவட்டார நிறுவனங்களுக்கும் கிடைத்தது. நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் 184 ஏக்கரில் பல்முனைச் சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கடம்பத்தூரிலிருந்து அதற்கு ரயில் பாதை இணைப்பும் திட்டத்தில் உண்டு.

கணக்கு எங்கே இடிக்கிறது

பயனைச் சொல்லும்போது இடைஞ்சலையும் சொல்லியாக வேண்டும். ரயிலுக்குத் தூரம் வேண்டும். ஆலையிலிருந்து யார்டுக்கு லாரி, அங்கே கிரேன், பிறகு ரயில், துறைமுகத்தில் மறுபடி கிரேன். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி உண்டு. புதுச்சேரி – சென்னை போன்ற குறைந்த தூரத்தில் அந்தக் கூலியே லாரி வாடகையைத் தொட்டுவிடலாம். ரயில் நிரம்பக் காத்திருந்தால் நாளும் போகும்.

காகிதமும் ஒழுங்காக ஓட வேண்டும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த புதிதில், ஐ.சி.டி.யில் பதிவான விவரமும் கப்பலேறும் துறைமுகத்தில் பதிவான விவரமும் பொருந்தாமல் ஏற்றுமதியாளர் பலருக்குத் திரும்பி வர வேண்டிய வரிப்பணம் மாதக்கணக்கில் முடங்கியது. கடன் வாங்கித் தொழில் செய்பவருக்கு அந்தப் பணம்தான் அடுத்த ஆர்டருக்கு முதல்.

அப்படியானால் வில்லியனூருக்கு இது வேண்டாமா? வேண்டும். புதுச்சேரி தனியாக நின்றால் சரக்கு போதாது. விழுப்புரத்தோடு சேர்ந்தால் நிலைமை மாறும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, கடலூர் – மயிலாடுதுறை, திருவண்ணாமலை – காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளில் பாதை பிரிகிறது. வில்லியனூரில் ஒரு சேகரிப்பு யார்டு, விழுப்புரத்தில் ரயில் கூட்டும் இடம் என்று அமைத்தால் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சரக்கும் சேரும். சென்னையோடு நிற்காமல் 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தூத்துக்குடிக்கும் பெட்டிகளை அனுப்பலாம். அந்தத் தூரத்தில்தான் ரயிலுக்கு லாபம் கட்டும்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சிறியவர்களைப் பற்றி. முழு கன்டெய்னர் நிரப்பும் ஆலைக்கு ஏற்கெனவே வழி தெரியும். வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் இருக்கிறது. அவற்றைச் செய்பவரிடம் சேர்வது நாலு அட்டைப்பெட்டிச் சரக்கு. அதை வேறு பத்துப் பேரின் சரக்கோடு ஒரே கன்டெய்னரில் சேர்த்துக் கட்டும் கிடங்கு பக்கத்தில் இருந்தால் அவரும் ஏற்றுமதியாளர். இல்லையென்றால் இடைத்தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. வாரத்தில் குறித்த கிழமையில், நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் புறப்படும் ரயில். தினமும் ஆள் இருக்கும் சுங்க அலுவலகம். சிறு சரக்கைச் சேர்த்துக் கட்டும் கிடங்கு. முதல் சில ஆண்டுகளுக்குக் கட்டணச் சலுகை. யார்டுக்கு நிலம் எடுக்கும்போது பாகூர் ஏரிப் பாசனத்தின் நஞ்சையைத் தொடக் கூடாது. தொழிற்பேட்டைகளில் சும்மா கிடக்கும் மனைகளையும் ரயில்வே நிலத்தையும் முதலில் பார்க்கட்டும். புதுச்சேரி அரசு, தமிழ்நாடு அரசு, தெற்கு ரயில்வே, சுங்கத்துறை நாலும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது. மாநில எல்லையைக் காரணம் காட்டி யாரும் ஒதுங்கக் கூடாது. இரண்டு அரசுகள் பிரித்து ஆண்ட மண்ணில் 1879-லேயே ஒரு ரயிலை ஓட்ட முடிந்தது. ஒரே நாட்டுக்குள் இது முடியாததல்ல.

(தொடரும்)

அடுத்த வாரம்: கடலூர் பழைய துறைமுகம் – சிப்காட் வந்த பிறகு.