அறுவர்க்கு ஒரு வானூர்தி
முறையும் செலவும் பகிரும் வகை

தோட்டப் பள்ளி ஆசிரியனுக்கும் வானூர்திக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். சென்ற பள்ளி விடுமுறையின்போது என் பழைய மாணவர் ஒருவர் சிரம்பானுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்திற்கு வந்திருந்தார். பால் மரம் வெட்டியவரின் மகன், இன்று பொறியாளர், தனியார் விமானி உரிமமும் பெற்றவர். நண்பர் ஐவரோடு சேர்ந்து பழைய சிறு வானூர்தி ஒன்றை வாங்க எண்ணியிருப்பதாகக் கூறி, தாம் எழுதிய ஒப்பந்தத்தையும் கணக்கையும் என் முன் வைத்தார். "பறப்பதை நான் பார்த்துக்கொள்வேன், ஐயா, கூட்டல் கழித்தலை நீங்கள் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நானே செய்த பிழை ஒன்று அந்தத் தாளில் இருந்தது. அதனை விளக்கவே இக்கட்டுரை. பொருள் வானூர்தியாயினும், பலர் கூடி ஒன்றை உடைமையாக்கிக்கொள்ளும் இடமெங்கும் இது பொருந்துவதாகும்.

கூட்டுடைமை தோன்றிய வகை

வானூர்தி செல்வர்க்கும் படைக்குமே உரியது என்ற நிலை 1925-இல் மாறத் தொடங்கிற்று. அவ்வாண்டு இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் 'மோத்' என்னும் இரண்டு இருக்கைச் சிறு வானூர்தியை வெளியிட்டது. அதன் சிறகுகளை மடக்கி வைக்கலாம். ஆதலின் சிறு கொட்டகையே போதும். அதே ஆண்டில் பிரித்தானிய அரசு பறப்போர் கழகங்களுக்குப் பொருளுதவி அளிக்க முன்வந்தது. ஒருவரால் வாங்க முடியாததைப் பலர் கூடி வாங்கிப் பயன்படுத்தும் வழக்கம் அதனால் பரவியது. சிங்கப்பூரில் 1928-இலும் கோலாலம்பூரில் 1929-இலும் கழகங்கள் தோன்றின. சென்னையிலும் அக்காலத்திலேயே ஒன்று அமைந்தது. ஜே. ஆர். டி. தாத்தா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றது 1929 பிப்ரவரி 10-ஆம் நாளில்.

கழகம் வேறு, கூட்டுடைமை வேறு. கழகத்தில் வானூர்தி கழகத்திற்கு உரியது. உறுப்பினர் வாடகை தந்து பறப்பர். கூட்டுடைமையில் பறப்பவரே உடைமையாளர். பிரித்தானியச் சட்டம் இதற்கு ஓர் எல்லை வகுத்துள்ளது. கூட்டு உடைமையாளர் இருபதின்மருக்கு மேற்படலாகாது. ஒவ்வொருவர் பங்கும் நூற்றுக்கு ஐந்திற்குக் குறையலாகாது. இருபது ஐந்து நூறு என்னும் வாய்பாடே அச்சட்டத்துள் அடங்கியிருப்பதைக் காண்க. பெயருக்குச் சிறு பங்கு கொடுத்துவிட்டு உள்ளபடியே கூலிக்கு ஆள் ஏற்றுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். தனியார் உரிமம் பெற்ற விமானி கூலி பெற்றுப் பறத்தல் எந்நாட்டிலும் பொது விதிக்கு மாறானது.

இருவகைச் செலவு

வானூர்திக்குப் பறந்தாலும் பறவாவிட்டாலும் வரும் செலவு ஒன்று. பறந்தால் மட்டும் வரும் செலவு மற்றொன்று. கொட்டகை வாடகை, காப்புறுதி, ஆண்டுச் சோதனை ஆகியவை முன்னதைச் சாரும். எரிபொருள், எண்ணெய், சக்கர உறை, பொறியின் தேய்மானம் ஆகியவை பின்னதைச் சாரும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் வழக்கு எழுவது உறுதி.

கணக்கு எளிமைக்காகச் சில எண்களைக் கொள்வோம். உடைமையாளர் அறுவர். நிலையான செலவு ஆண்டுக்கு 36,000 வெள்ளி. பறக்கும் செலவு மணிக்கு 380 வெள்ளி: எரிபொருள் 280, பொறி நிதி 60, மற்றவை 40. அறுவரும் சேர்ந்து ஆண்டில் 180 மணி பறக்கின்றனர். மொத்தச் செலவு 36,000 + 68,400 = 1,04,400 வெள்ளி.

முதல் வழி: எல்லாவற்றையும் ஆறாகப் பகுத்தல். ஆளுக்கு 17,400 வெள்ளி. அறுபது மணி பறந்தவரும் ஐந்து மணி பறந்தவரும் ஒரே தொகை தருவர். இது நீதியன்று என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும்.

இரண்டாம் வழி: எல்லாவற்றையும் மணிக்கணக்கில் ஏற்றுதல். மணிக்கு 580 வெள்ளியாகும். ஐந்து மணி பறந்தவர் 2,900 வெள்ளியோடு விடுபடுவார். அவருக்காகவும் ஆண்டு முழுதும் நின்ற கொட்டகையின் வாடகையை மற்றவர் சுமப்பர். இன்னுமொரு கேடு உண்டு. ஓராண்டு 120 மணியே பறந்தால் மணிக்கு 680 வெள்ளியாகும். விலை ஏறியதால் பறப்பது குறையும். குறைந்ததால் விலை மீண்டும் ஏறும். பல கூட்டுகள் கலைந்தது இவ்வழியே.

மூன்றாம் வழி: நிலையான செலவைச் சமமாகவும் பறக்கும் செலவை மணிக்கணக்கிலும் பகுத்தல். ஆளுக்கு மாதம் 500 வெள்ளி. பறந்தால் மணிக்கு 380 வெள்ளி. அறுபது மணிக்காரர் 28,800 வெள்ளியும் ஐந்து மணிக்காரர் 7,900 வெள்ளியும் தருவர். உரிமைக்கு உரிய விலையை எல்லாரும் தருகின்றனர். பயனுக்கு உரிய விலையைப் பயன்கொண்டவர் தருகின்றார். அனுபவமுடைய கூட்டுகள் கைக்கொள்வது பெரும்பாலும் இதுவே. வெளியூரில் தம் பணத்தால் எரிபொருள் நிரப்பியவர் பற்றுச்சீட்டைக் காட்டித் தொகையைக் கழித்துக்கொள்வார்.

எந்த மணியைக் கொண்டு கணக்கிடுவது என்பதையும் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். கடிகாரம்போல் ஓடும் மானி ஒன்று உண்டு. பொறியின் சுழற்சியை ஒட்டி ஓடும் மானி மற்றொன்று. பொறி மெல்லச் சுழலும்போது பின்னது மெல்லவே நகரும். ஒரே பயணத்திற்கு இரண்டும் வெவ்வேறு எண் காட்டும்.

பொறி நிதியும் என் பிழையும்

செஸ்னா 172 என்பது 1955-இல் முதன்முதல் பறந்த நான்கு இருக்கை வானூர்தி; நாற்பத்து நாலாயிரத்திற்கு மேல் செய்யப்பெற்றது. அவ்வகையிற் பலவற்றில் உள்ள லைக்கோமிங் ஓ-320 பொறியை 2,000 மணி ஓடியபின், அல்லது பன்னிரண்டு ஆண்டு கழிந்தபின், முழுதும் பிரித்துப் புதுக்குமாறு அதனைச் செய்தவர் கூறுவர். அதற்கு 1,20,000 வெள்ளி ஆகும் என்று கொள்வோம். 2,000-ஆல் வகுத்தால் மணிக்கு 60 வெள்ளி. பறப்பவர் ஒவ்வொரு மணியும் பொறியில் 60 வெள்ளியைத் தின்கிறார். தின்றதை நிதியில் இட்டுவிட வேண்டும். அதனைத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். வேறு செலவுக்குத் தொடலாகாது. விலகுபவர் அதனைத் திருப்பிக் கேட்கவும் இயலாது. அது தேய்ந்துபோன இரும்பின் விலை.

என் மாணவரின் தாளில் மணிக்கு 60 வெள்ளி இருந்தது. ஆயினும் அவர்கள் வாங்க எண்ணிய வானூர்தியின் பொறி ஏற்கெனவே 1,200 மணி ஓடியது. எஞ்சியது 800 மணி. 800-ஐ 60-ஆல் பெருக்கினால் 48,000 வெள்ளியே சேரும். 72,000 வெள்ளி குறைகிறது. ஆண்டுக்கு 180 மணி வீதம் நாலரை ஆண்டுக்குள் அறுவரும் ஆளுக்கு 12,000 வெள்ளி திடீரெனத் தர வேண்டிவரும். தர இயலாதவர் ஒருவர் இருந்தாலும் வானூர்தி கொட்டகையில் நிற்கும். அத்தொகையை இப்பொழுதே விலையில் கழித்துக் கேட்க வேண்டும். அல்லது முதல் நாளிலேயே நிதியில் இட வேண்டும்.

இதனை நான் எங்ஙனம் கண்டேன்? எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் ஐந்து சேர்ந்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பழைய வேன் ஒன்றை வாங்கின. கணக்கு எழுதியவன் நான். எண்ணெய்ச் செலவையும் பழுதுபார்த்த செலவையும் மாதந்தோறும் காசு பிசகாமல் ஐந்தாக வகுத்தேன். பொறிக்கென்று ஒரு காசும் ஒதுக்கினேன் அல்லேன். மூன்றாம் ஆண்டில் பொறி உடைந்தது. இருவரிடம் பணம் இருந்தது; மூவரிடம் இல்லை. "என் பிள்ளை படிப்பை முடித்துவிட்டான், நான் ஏன் தர வேண்டும்?" என்றார் ஒருவர். என் ஏட்டில் அதற்கு விடை இல்லை. வேன் மழையில் துருப்பிடித்தது. நான்காம் படிவத்தில் படித்த பெண் ஒருத்தி மூன்று மாதம் பள்ளிக்குச் செல்லவில்லை. இரண்டு குடும்பங்கள் இன்றும் பேசிக்கொள்வதில்லை. அவர்களுள் எவரும் தீயவரல்லர், கணக்கே குறையுடையது.

முறை பதிதல்

இனி முறையைக் காண்போம். நம் நாட்டில் பிற்பகலில் இடியும் மழையும் மிகுதி. பறப்பதற்கு உகந்தது காலை. ஆதலின் மணிகளைச் சமமாகப் பகுத்தால் போதாது. விடுமுறைக் காலைகளைப் பகுத்தல் வேண்டும். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் முன்பதிவு வைத்திருத்தல் ஆகாது. ஒன்று கழிந்தபின்னரே மற்றொன்றைப் பதியலாம். குறித்த நேரத்திற்கு அரை மணி கழித்தும் வராதவரின் முறை அடுத்தவர்க்கு உரியதாகும். பல நாள் வெளியூர் கொண்டு செல்பவர், பறவாது நிறுத்தி வைக்கும் நாளுக்கும் குறைந்த அளவு மணிக் கட்டணம் தருதல் வேண்டும். இன்று இவற்றைக் கைப்பேசியிலேயே பதியலாம். ஆயின் விதியை வகுப்பது கைப்பேசியன்று, மனிதரே.

தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற நாட்களை அறுவரும் விரும்பினால் சீட்டுக் குலுக்குவதே நன்று. இது நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்குக் குடவோலையால் ஆள் தெரிந்த வகையை அவை கூறுகின்றன; ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாது போனவனும் அவன் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்ற விதியும் அங்கு உண்டு. பொதுச் சொத்தில் கணக்குக் காட்டாமையைப் பெருங்குற்றமாகவே நம் முன்னோர் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

பழுதைக் கண்டவர்

வேனுக்கும் வானூர்திக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். பழுதான வேன் சாலையோரம் நிற்கும். வானூர்தி நிற்க வானில் ஓரம் இல்லை.

ஆகவே பழுதைக் கண்டவரே அதற்குப் பணம் தர வேண்டும் என்று ஒருபோதும் விதிக்கலாகாது. அவ்வாறு விதித்தால் கண்டவர் காணாதவர்போல் இறங்கிச் செல்வார். அடுத்து ஏறுபவர் அறியாது பறப்பார். இயல்பான தேய்மானத்தால் வந்த பழுதுச் செலவு பொது நிதியைச் சாரும். பழுதை ஏட்டில் எழுதி வானூர்தியை நிறுத்தும் அதிகாரம் அறுவருள் யாருக்கும் உண்டு. மீண்டும் பறக்க விடும் அதிகாரம் உரிமம் பெற்ற பொறியாளர்க்கே உண்டு. நிறுத்தியவரைப் பிறர் நோவுதல் கூடாது. கவனக்குறைவால் நேர்ந்த சேதத்தில் காப்புறுதி ஏற்காத முதற்பகுதியை மட்டும் அன்று ஓட்டியவர் ஏற்கலாம். அதன் உச்ச அளவையும் முன்னரே எழுதிவைத்தல் நலம்.

வருவோரும் விலகுவோரும்

பங்கை விற்க விரும்புபவர் முதலில் உடனுள்ளோர்க்கே கூறல் வேண்டும். அவர்கள் கொள்ளாதபோது, அவர்கள் ஏற்கும் ஒருவர்க்கு விற்கலாம். நெகிரி செம்பிலானில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இங்குள்ள அடாட் பெர்ப்பாத்தே வழக்கில் மூதாதையர் நிலம் குலத்திற்கு உரியது. தாய்வழியே பெண்கள் பெயரில் இறங்குவது. குலத்திற்கு வெளியே செல்லாதவாறு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைக் காத்தது. உடைமை சிதறாதிருக்க வேண்டுமெனில் விற்கும் உரிமைக்கு வரம்பு வேண்டும் என்பதே அதன் கருத்து.

கூட்டுடைமையின் வலிமையை நம் மக்களும் கண்டனர். தோட்டங்கள் துண்டாடப்பெற்றுத் தொழிலாளர் நிலையிழந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பங்கு 100 வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகவும் செலுத்தலாம். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் 1961-இல் வாங்கிற்று. மரம் வெட்டியவர் பத்துப் பத்து வெள்ளியாய்த் தோட்டம் வாங்கினர் என்றால், அவர்தம் பேரப்பிள்ளைகள் அறுவர் கூடி வானூர்தி வாங்குவதில் வியப்பொன்றும் இல்லை.

ஆசிரிய அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். மேற்கண்ட மூவகைப் பகிர்வையும் ஆறாம் ஆண்டு வகுப்பில் கணக்காகத் தாருங்கள். விடையோடு நிறுத்தாது, எவ்வழி நீதி என்றும் ஏன் என்றும் கேளுங்கள். வகுத்தலை நாம் நன்றாகவே கற்பிக்கிறோம். எதனை வகுப்பது என்பதையும் கற்பித்தல் வேண்டும்.

என் மாணவர் அன்றிரவே நண்பர்களை அழைத்துப் பேசினார். 72,000 வெள்ளியைக் கழித்துத் தர உடைமையாளர் இசைந்தாலன்றி வாங்குவதில்லை என்று முடிவு செய்தனர். அவர் இசைவாரோ, மாட்டாரோ, அறியேன். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அறுவரும் நண்பராகவே இருப்பர் என்ற மனநிறைவோடு தாளை மடித்துக் கொடுத்தேன்.