ஹம்பக்கர் பிக்கப் தேர்வு

ஹம்பக்கர் என்பது மின் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் வகைகளுள் ஒன்றாகும். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் கேட்கும் ரீங்கார இரைச்சலை நீக்குவதற்காக இரண்டு சுருள்களை அருகருகே வைத்து இது அமைக்கப்படுகிறது. கிதாரின் மரத்தையோ கழுத்தையோ மாற்றுவது எளிதன்று. பிக்கப்பை மாற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை. ஆதலால் தம் கருவியின் ஒலியில் நிறைவடையாதவர்கள் முதலில் நாடுவது இதைத்தான். ஆயினும் ஒரு நல்ல ஹம்பக்கரின் விலை, தொடக்க நிலைக் கிதார் ஒன்றின் விலையையே நெருங்கக்கூடும். பெட்டியின் மேல் அச்சிட்ட ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களே பெரும்பாலும் ஏமாற்றம் அடைகின்றனர்.

இரைச்சல் எவ்வாறு நீங்குகிறது

பிக்கப்பில் நிலைக்காந்தமும் மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் உள்ளன. காந்தத்தின் அருகில் இருப்பதால் எஃகுத் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. நைலான் தந்தி கட்டிய கிதாரில் இவ்வகைப் பிக்கப் வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்.

சுருளுக்குத் தந்தியின் அதிர்வு, வீட்டு மின்சாரம் என்ற வேறுபாடு தெரியாது. மின்மாற்றி, குழல்விளக்கின் சோக் போன்றவற்றிலிருந்து பரவும் மாறுகின்ற காந்தப்புலமும் அதில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இந்தியாவில் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணும் அதன் மடங்குகளுமே பெருக்கியில் 'ம்ம்ம்' என்று கேட்கின்றன.

ஹம்பக்கரில் ஒரு சுருளுக்குக் காந்தத்தின் வடமுனையும் மற்றதற்குத் தென்முனையும் தந்தியை நோக்கி அமைகின்றன. இரண்டு சுருள்களும் மின்னோட்டத் திசையில் ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்படுகின்றன. தந்தியின் சைகையைப் பொறுத்தவரை, காந்தமுனை மாறுவதால் ஒருமுறை குறி மாறுகிறது. சுருளின் திசை மாறுவதால் மறுமுறையும் மாறுகிறது. (−1) × (−1) = +1 ஆகையால் இரண்டு சுருள்களின் சைகைகளும் கூடுகின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குப் பிக்கப்பின் காந்தத்துடன் தொடர்பில்லை. அது சுருளின் திசையால் ஒருமுறை மட்டுமே குறி மாறுகிறது; எனவே ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

எல்லா இரைச்சலும் இவ்வாறு நீங்கிவிடுவதில்லை. நில இணைப்பு சரியில்லாத கிதாரிலும், உட்புறக் கவசம் இல்லாத கிதாரிலும் எழும் கரகரப்பை ஹம்பக்கர் தீர்க்காது. மின் இணைப்பின் மூன்றாம் முனையைத் துண்டித்துவிட்டுப் பெருக்கியைப் பயன்படுத்துவோர் உண்டு. அது இரைச்சல் சிக்கல் மட்டுமன்று, உயிருக்கே ஆபத்தானது. கிதாரின் தந்திகள் கேபிள் வழியாகப் பெருக்கியின் உலோகச் சட்டத்துடன் இணைந்தவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தோற்றம்

கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1957 முதல், லெஸ் பால் கிதார்களில் ஹம்பக்கர் இடம்பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் கிரெட்ச் நிறுவனத்துக்காக ரே பட்ஸ் என்பவரும் இதே கொள்கையில் 'ஃபில்டர்ட்ரான்' பிக்கப்பை உருவாக்கினார். 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற ஆங்கிலச் சொற்றொடர் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டு கிப்சனின் தொடக்ககால ஹம்பக்கர்களின் அடியில் இருந்ததால், அவை இன்றும் 'பி.ஏ.எஃப்.' என்ற முதலெழுத்துகளால் அழைக்கப்படுகின்றன. பின்னர் காப்புரிமை எண்ணை அச்சிட்டபோது, அதில் இருந்தது 2737842 என்ற எண். அது பிக்கப்புக்கு உரியதே அன்று. லெஸ் பாலின் தந்திதாங்கி அமைப்புக்கு உரியது.

பி.ஏ.எஃப். பிக்கப்புகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. சுருளின் சுற்றுகள் பெட்டிக்குப் பெட்டி வேறுபட்டன. கையிருப்பில் இருந்த அல்னிகோ காந்தமே பொருத்தப்பட்டது. ஆகவே 'அசல் பி.ஏ.எஃப். ஒலி' என்று இன்று விற்கப்படுபவை அனைத்தும், அந்தப் பலவற்றுள் ஏதோ ஒன்றின் ஒலியைப் பின்பற்றுபவை என்றே கொள்ள வேண்டும்.

கிலோ ஓம் என்னும் ஒற்றை எண்

விற்பனைத் தாளில் முதலில் கண்ணில் படுவது மின்தடை. பழைய பாணி ஹம்பக்கர்களில் இது 7 முதல் 9 கிலோ ஓம் வரை இருக்கும்; வலுவானவை எனப்படுபவற்றில் 13, 16 என உயரும். எண் பெரிதானால் ஒலியும் பெரிதாகும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே.

பழைய பாணிச் சுருள்களில் பயன்படுவது 42ஆம் எண் கம்பி. விட்டம் ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர். 43ஆம் எண் கம்பியின் விட்டம் 0.056 மில்லிமீட்டர். மின்தடை குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அதே நீளமுள்ள 43ஆம் எண் கம்பியின் தடை சுமார் 26 விழுக்காடு கூடும். அதாவது 8 கிலோ ஓம் பிக்கப்பை அதே சுற்றுகளுடன் மெல்லிய கம்பியில் சுற்றினால் 10 கிலோ ஓம் காட்டும். தந்தியிலிருந்து கிடைக்கும் மின்னழுத்தமோ கூடாது. வெப்பநிலையும் எண்ணை மாற்றும். செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு உயர்கிறது. 20 பாகையில் 8.0 கிலோ ஓம் காட்டும் சுருள், 35 பாகை வெயிலில் ஏறத்தாழ 8.5 காட்டும். பெட்டியில் உள்ள எண்ணும் மல்டிமீட்டர் காட்டும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று மதுரையிலோ வேலூரிலோ சித்திரை மாதத்தில் கவலைப்படுவதற்கு இடமில்லை.

சீமோர் டங்கனின் ஜே.பி. என்ற பிக்கப் ஏறத்தாழ 16 கிலோ ஓம். அதன் காந்தம் அல்னிகோ 5. டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 14 கிலோ ஓமுக்கும் குறைவு. ஆனால் அதில் இருப்பது செராமிக் காந்தம், வலிமையில் அது ஜே.பி.க்குச் சளைத்ததல்ல.

ஒலியின் தன்மையை அறிய மின்தூண்டல் எண்ணே நம்பகமான வழிகாட்டி. பழைய பாணிப் பிக்கப்பில் இது சுமார் 4 முதல் 5 ஹென்றி. சுற்றுகள் மிகுந்தவற்றில் 8 ஹென்றியையும் எட்டும். சுருளும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாகின்றன. கேபிளும் சுருளும் சேர்ந்து 600 பைக்கோஃபாரட் எனக் கொண்டு பள்ளிப் பாடத்தில் உள்ள வாய்பாட்டில் இட்டால், 4.5 ஹென்றிக்கு ஒத்ததிர்வு ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸிலும், 8 ஹென்றிக்கு 2,300 ஹெர்ட்ஸிலும் அமைகிறது. அதற்கு மேலுள்ள அதிர்வெண்கள் விரைவில் தேய்ந்துபோகும். அதனால்தான் சுற்றுகள் மிகுந்த பிக்கப் தடித்து ஒலிக்கிறது. ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும் தெளிவு அதில் குறைகிறது.

காந்தமும் இசைவகையும்

அல்னிகோ என்பது இரும்புடன் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக்கலவை. அல்னிகோ 2 வலிமை குறைந்தது. மென்மையான தொடக்கமும் இளகிய கீழ்ச்சுரமும் கொண்டதாக வாசிப்போர் கூறுகின்றனர். அல்னிகோ 5 வலிமையும் பளிச்சென்ற மேற்சுரமும் தருவது. செராமிக் காந்தம் வலிமை மிக்கது. இறுக்கமான, கூர்மையான ஒலிக்குப் பெயர்பெற்றது. எனினும் காந்தத்தை மட்டும் வைத்து ஒலியைத் தீர்மானிப்பது, உப்பை மட்டும் வைத்துக் குழம்பை மதிப்பிடுவது போன்றதே.

புளூஸ், ஜாஸ், திரையிசை மெல்லிசை வாசிப்பவருக்கு 7 முதல் 8.5 கிலோ ஓம் அல்னிகோ வகையே போதும். பி.பி. கிங் வாசித்த கிப்சன் இ.எஸ்-355 வகைக் கிதார்களிலும் ஹம்பக்கர்களே இருந்தன. ஹம்பக்கர் என்றால் உலோக ராக்குக்கு மட்டும் என்ற எண்ணம் தவறு. மெட்டல் வாசிப்போர் பலர் இ.எம்.ஜி. 81 போன்ற இயங்கு பிக்கப்புகளை விரும்புகின்றனர். இவற்றின் உள்ளேயே சிறு பெருக்கி இருப்பதால் 9 வோல்ட் மின்கலம் தேவை. கச்சேரி நடுவே மின்கலம் தீர்ந்தால் ஒலியும் தீர்ந்துவிடும்.

தந்தி, பாலத்தின் அருகில் குறைவாகவும் கழுத்துப் பக்கம் மிகுதியாகவும் அசைகிறது. ஆகவே பாலப் பக்கப் பிக்கப் சற்று அதிகச் சுற்றுகளுடன் செய்யப்படுகிறது. கழுத்துப் பக்கத்துக்கு வலிமை மிகுந்ததை இட்டால் ஒலி கலங்கிவிடும்.

கிதாருக்குப் பொருந்துமா

பல ஃபெண்டர் வகைக் கிதார்களில் தந்திகளின் இடைவெளி கிப்சன் வகையைவிட அகலம். பால இடத்துக்கு வாங்கும்போது முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடையே பிக்கப் இருக்கும் இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். 50 மில்லிமீட்டர் அளவெனில் வழக்கமான பிக்கப்பும், 52–53 எனில் அகலவகையும் பொருந்தும். ஒற்றைச் சுருளுக்கான குழி மட்டும் உள்ள கிதாரில் மரத்தைக் குடையத் தேவையில்லை. அதே அளவில் செய்யப்பட்ட சிறிய ஹம்பக்கர்கள் கிடைக்கின்றன.

நான்கு வயர் கொண்ட பிக்கப்பை வாங்குவது நல்லது. ஒரு சுருளை மட்டும் ஒலிக்கச் செய்யலாம். அப்போது இரைச்சல் திரும்பிவிடும். இரண்டையும் பக்க இணைப்பில் இட்டால் ஒலி மெலிந்து தெளியும், இரைச்சலும் வராது. வயர்களின் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. சீமோர் டங்கனில் கறுப்பு சைகை வயர், டிமார்சியோவில் சிவப்பு. ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றதைச் சால்டர் செய்தால் ஒலியே வராமலோ, இரண்டு பிக்கப்பும் சேரும்போது மூக்கால் பேசுவது போன்ற மெலிந்த ஒலியோ ஏற்படும்.

வாங்குவதற்கு முன்

ஒலி மந்தமாக இருப்பதற்குப் பிக்கப்தான் காரணம் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். துருவேறிய தந்தியை மாற்றி, குட்டையான கேபிளில் வாசித்துப் பார்க்கலாம். வால்யூம் பாட் 250 கிலோ ஓம் எனில் ஹம்பக்கரின் மேற்சுரங்கள் மங்கும். வழக்கமாக இதற்கு 500 கிலோ ஓம் பாட்டே இடப்படுகிறது, அதன் விலையும் மிகக் குறைவு. அடுத்தது உயரம். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தியபடி, அதற்கும் பிக்கப்புக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டுத் தொடங்கி, திருகாணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பிக் கேட்க வேண்டும். பலருக்கு இந்த நிலையிலேயே தேவை தீர்ந்துவிடுகிறது.

அதன் பிறகும் உரத்த ஒலியில் பிக்கப் விசில் அடித்தால், சுருள் மெழுகில் தோய்க்கப்படாததோ மெழுகு தளர்ந்ததோ காரணமாக இருக்கலாம். அப்போது மாற்றுவது முறை. கழற்றும் முன் பழைய இணைப்புகளை ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்வதும், பழைய பிக்கப்பின் வயரை அடியோடு வெட்டாமல் சால்டரை உருக்கி எடுப்பதும் நல்லது. புதியது பிடிக்காமல் போனால் பழையதை மீண்டும் பொருத்த அந்த வயரின் நீளம் தேவைப்படும்.