சினை ஊசியும் ஒளிந்திருக்கும் வைரஸும்



சில வாரங்களுக்கு முன் நேயர் கேள்வி நிகழ்ச்சியில் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு சகோதரி பேசினார். தஞ்சாவூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். "அண்ணா, ஊரிலே தம்பிக்குக் கறவை மாடு வாங்கப் பணம் அனுப்பினேன். மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. காளையிலிருந்து ஏதோ வைரஸ் வருகிறது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார். அன்றைக்கு நேரம் போதவில்லை. நான் கணக்காளன், மிருக வைத்தியன் அல்ல. அதனால் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்ததை இந்த மாத உரையாகச் சொன்னேன். அதன் எழுத்து வடிவம் இது. வானொலியில் இதெல்லாம் பேசலாமா என்று ஒருவர் முகம் சுளித்தார். மாடு வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

முதலில் ஊசி என்று நாம் சொல்வது என்ன? இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பாற்பண்ணையில் டாக்டர் சம்பத்குமாரன் தொடங்கி வைத்த செயற்கை முறைச் சினைப்படுத்தல்தான் அது. இங்கே பிரித்தானியாவில் 1942இல் கேம்பிரிட்ஜில் முதல் நிலையம் வந்தது. இன்று பொலிகாளையின் விந்தை எடுத்து, நீர்த்து, 0.25 மில்லிலீற்றர் கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைத்து, −196 பாகை குளிரில் திரவ நைதரசனில் வைக்கிறார்கள். இந்தியத் தரவிதிப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. ஒரு நல்ல காளையிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கான குச்சிகள் கிடைக்கும். நன்மையும் அதில்தான், ஆபத்தும் அதில்தான். ஊர்க் காளைக்கு நோய் வந்தால் ஓர் ஊரோடு போகும். நிலையத்துக் காளைக்கு வந்தால் எத்தனை ஊர்களுக்குப் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தச் சகோதரி கேள்விப்பட்ட வைரஸ், மாடுகளின் ஹெர்பிஸ் வைரஸ் முதலாம் வகை. அது உண்டாக்கும் நோயைச் சுருக்கமாக ஐ.பி.ஆர். என்பார்கள். மூக்கு வழியாகப் புகுந்தால் காய்ச்சல், சளி, இருமல், கண்ணில் நீர் வடிதல். பிறப்புறுப்பு வழியாகப் புகுந்தால் அங்கே சிவந்து சிறு கொப்புளங்கள். சினை மாட்டுக்குக் கன்று கலையலாம். அமெரிக்காவில் 1950களில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் 1976இல் முதன்முதலாகப் பதிவானது.

கொப்புளங்கள் இரண்டொரு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் வைரஸ் போகாது. நமக்குச் சிறுவயதில் கொப்பளிப்பான் வந்து போன பிறகும் அந்த வைரஸ் நரம்பிலே படுத்திருந்து, வயதான காலத்தில் அக்கியாக எழும்புகிறதல்லவா? இதுவும் அந்தக் குடும்பம்தான். முகத்து நரம்பு முடிச்சிலோ, இடுப்புப் பக்கத்து நரம்பு முடிச்சிலோ ஆயுள் முழுக்க ஒளிந்திருக்கும். தூரப் பயணம், வேறு நோய், சில ஸ்டீராய்டு மருந்துகள் இவற்றால் உடல் தளரும்போது மறுபடி வெளிவரும். காளையின் உறுப்பின் தோலிலும் அதன் உறையிலும் வைரஸ் பெருகி, விந்து வெளிவரும்போது அதில் கலந்துவிடும். அப்போது காளையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம். எங்கள் தொழிலில் சொல்வதானால், ஐந்தொகையில் எழுதப்படாத கடன்.

விந்தோடு சேர்க்கும் அன்ரிபயோற்றிக் மருந்து பக்ரீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. விந்தணுவைக் காக்கும் அதே குளிர் வைரஸையும் காக்கிறது. அந்தக் குச்சியைப் பசுவுக்குப் போட்டால் கருப்பை அழற்சி வரலாம். சினை நிற்காமல் பசு மறுபடி பருவத்துக்கு வரலாம்.

சரி, எப்படித் தடுப்பது? ஐரோப்பியச் சந்தைக்கு விந்து அனுப்பும் நிலையத்தில், குருதியில் இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் உள்ள காளையைச் சேர்க்கவே மாட்டார்கள். நோய் குறைவான நாட்டுக்கு இது சுலபம். ஜேர்மனி பல வருட முயற்சிக்குப் பின் 2017இல் நோயற்ற நாடானது. பிரித்தானியப் பண்ணைகளில் ஐ.பி.ஆர். இன்றும் பரவலாக உண்டு.

இந்தியாவில் எதிர்ப்பொருள் உள்ள மாடுகள் நிறைய. அவ்வளவு காளைகளையும் ஒதுக்கினால் நல்ல இனக் காளைகளுக்கு எங்கே போவது? அதனால் அங்கே வேறு வழி. உறைவிந்து நிலையங்களுக்கான குறைந்தபட்சத் தரவிதிகளை மத்திய அரசு 2004இல் கொண்டு வந்தது. நிலையங்களைக் குழு ஒன்று போய்ப் பார்த்துத் தரம் போடுகிறது. புதிய காளையைத் தனிமைப்படுத்திச் சோதிக்க வேண்டும். ஐ.பி.ஆர். எதிர்ப்பொருள் உள்ள காளையின் விந்தைத் தொகுதி தொகுதியாகப் பி.சி.ஆர். முறையில் சோதித்து, வைரஸ் இல்லாததை மட்டுமே வெளியே விட வேண்டும். கொரோனாக் காலத்தில் நம் மூக்கில் எடுத்துச் செய்த அதே வகைச் சோதனைதான். ஒருமுறை சோதித்தது போதாது. வைரஸ் விட்டு விட்டு வருவதால் இன்றைய விந்து சுத்தமாக இருந்தாலும் அடுத்த மாதத்து விந்து அப்படி இருக்கும் என்பதில்லை.

இனி அந்தச் சகோதரிக்கு என் பதில். தங்கச்சி, நீங்கள் கேட்டது உண்மைதான். ஆனால் சினை நிற்காததற்கு எல்லாம் இந்த வைரஸ்தான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். பருவம் தவறி ஊசி போடுவது, தீனியில் தாது உப்புக் குறைவு, கருப்பையில் வேறு தொற்று, பெட்டியில் நைதரசன் குறைந்து விந்தணு செத்துப்போவது என்று காரணங்கள் பல. மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை என்றால் நான்காவது போடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. பாலுக்குப் பயப்பட வேண்டாம்.

கடைசியாகக் கணக்காளன் புத்தி ஒன்று. ஒவ்வொரு குச்சியின் மேலும் காளையின் இலக்கம், நிலையம், எடுத்த நாள் அச்சடித்திருக்கும். ஊசி போட்டதும் வெறும் குச்சியை எறிந்துவிடுகிறார்கள். அதை வாங்கி, அந்த விபரத்தையும் பசு பருவத்துக்கு வந்த திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். ஒரே காளையின் குச்சி போட்ட பல மாடுகளுக்குச் சினை நிற்கவில்லை என்பது பத்து வீட்டுக் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தெரியவரும். பற்றுச்சீட்டு இல்லாத கணக்கை யாரும் விசாரிக்க முடியாது.

அடுத்த மாதம் சந்திப்போம்.