செட் – சிறிய சொல், பெரிய குடும்பம்

ஆங்கிலம் பயில்கையில் நெடிய சொற்களைக் கண்டே நாம் அஞ்சுகிறோம். உண்மையில் நம்மைத் தடுமாற வைப்பவை சின்னஞ்சிறு சொற்களே. மூன்றே எழுத்துகள் கொண்ட 'செட்' என்னும் சொல்லுக்கு, 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 400க்கும் மேற்பட்ட பொருள்களைத் தந்தது. அவ்வகராதியிலேயே மிக நீண்ட பதிவு அதுதான்! இத்தனையையும் மனப்பாடம் செய்ய யாரால் இயலும்?

தேவையுமில்லை, வேரைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி கடந்துவிடலாம். தமிழில் 'அமர்' என்றால் தானே அமர்வது. 'அமர்த்து' என்றால் அமரச் செய்வது. அதுபோல ஆங்கிலத்தில் 'சிட்' தன்வினை. அதன் பிறவினையே 'செட்'. ஒன்றை அதற்குரிய இடத்தில், உரிய நிலையில் இருத்துவதே இதன் அடிப்படை. எலும்பு முறிந்தால் மருத்துவர் அதனை 'செட்' செய்கிறார். அதாவது, விலகியதை அதன் இடத்தில் பொருத்துகிறார். அலாரத்தை ஐந்து மணிக்கு வைப்பதும், ஆசிரியை வினாத்தாள் அமைப்பதும், மோதிரத்தில் கல் பதிப்பதும் 'செட்'தான். தயிர் உறைவதற்கும் இச்சொல்லே; அது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டதல்லவா! கதிரவன் மறைவதற்கு இச்சொல் ஏன்? பழைய ஆங்கிலத்தில் அதனைக் கதிரவன் தன் இருக்கைக்குச் செல்வதாகச் சொன்னார்கள். எத்துணை அழகிய கற்பனை!

நம் பெற்றோர் வாங்கித் தரும் 'இரண்டு செட் சீருடை' மட்டும் வேறு குடும்பம். பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா' என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்து இதனோடு கலந்துவிட்டது.

இனித் தேர்வில் நாம் இடறும் இடம். மேசையை 'செட்' செய்தாள் என்பதை, 'மேசையை அமர்த்தினாள்' என்று பெயர்த்தால் நகைப்பே மிஞ்சும். உண்பதற்காகத் தட்டும் குவளையும் எடுத்து வைத்தாள் என்பதே கருத்து. 'செட் அசைட்' என்றால் ஒதுக்கி வைத்தல். இதில் வேர் தெரிகிறது. 'செட் அவுட்' என்றால் புறப்படுதல்; இங்கே வேர் நமக்கு உதவாது, வாக்கியத்தோடு சேர்த்தே கற்க வேண்டும். இறந்த காலத்திலும் இச்சொல் மாறாது. 'செட்டட்' என்று எழுதி மதிப்பெண் இழப்போர் நம்மில் எத்தனை பேர்!

அகராதியின் திருத்தப் பணியில், 2011 அளவில் 'ரன்' என்னும் வினைச்சொல் 600க்கும் மேற்பட்ட பொருள்களோடு 'செட்'டை முந்திவிட்டது. ஓடுவதற்கான சொல் அல்லவா!