கையறிந்த தொழிலுக்கு ஒரு சான்று

2022ஆம் ஆண்டு சித்திரையில் இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்துவதை நிறுத்தியது. அவ்வாண்டு புரட்டாதியில் பொருள்களின் விலை முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. கட்டட வேலைகள் பெரும்பாலும் முடங்கின. 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை நாடி நாட்டை நீங்கினர்.

அத்தகைய காலம் மீண்டும் வரின் நம் இளைஞர் எதைப் பற்றி நிற்பது? தம்பிலுவிலிலும் திருக்கோவிலிலும் பிள்ளைகள் மேசன் பாசிடமோ வயரிங் பாசிடமோ ஐந்தாறு ஆண்டுகள் நின்று தொழில் பழகுவர். கையிலோ ஒரு துண்டுக் காகிதமும் இராது. வேலை மலிந்த நாளில் அது குறையாகத் தோன்றாது. வேலை அருகியபோது, நம்மை அறியாதார் நம் கைத்திறனை எவ்வாறு அறிவர்? (நாமும் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழின் தயவால் இப்பணியில் இருப்பவரே.)

இவர்கள் மீண்டும் வகுப்பில் அமரவேண்டுவதில்லை. முன்பே பழகிய தொழிலறிவை மதிப்பிட்டுத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இங்குண்டு. செய்த வேலைகளின் படங்களையும் வேலை கொடுத்தோர் கடிதங்களையும் திரட்டிக்கொண்டு தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்தை அணுகலாம். மதிப்பீட்டாளர் முன் தொழிலைச் செய்துகாட்டல் வேண்டும்.

கடல் கடந்து செல்வோர், முகவருக்குப் பணம் கொடுக்குமுன் அவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தறிக. ஊரில் கடையிலோ ஆலையிலோ சம்பளத்துக்கு நிற்போர், ஊழியர் சேமலாப நிதிக்குத் தம் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் செலுத்தப்படுகின்றனவா எனப் பார்த்துக்கொள்க. கேட்க நாணுவோர் பலர். அந்நிதிக்குப் பங்கு செலுத்துதல் 1958ஆம் ஆண்டிலிருந்து சட்டம்.