அநாமதேயம்

'நாமதேயம்' என்னும் வடசொல்லுக்குப் பெயர் என்பது பொருள். அஃது இல்லாதது அநாமதேயம். தமிழில் பெயரிலி என்பர். 'அனாமத்து' என்பதையும் இதன் உறவென்று கொள்வோர் உளர். அன்று; அது 'அமானத்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. நம்பி ஒப்படைத்த பொருளைக் குறித்த அச்சொல், கேட்பாரற்றுக் கிடப்பது என்று பேச்சில் தேய்ந்தது விந்தையே.

பெயர் தெரியாமை இழிவன்று. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டில் உள்ள தொடரையே எடுத்து, 'ஆர்' என்னும் மதிப்பு விகுதியும் கூட்டி, செம்புலப்பெயனீரார் என்று முன்னோர் வழங்கினர். 41ஆம் பாடலுக்கு உரியவர் அணிலாடு முன்றிலார். முற்றத்து அணிலே அவருக்கு முகவரி!

ஆனால் நிச்சயித்த திருமணத்தை ஓர் அஞ்சலட்டையால் கலைப்பவர் பெயரை இழந்தவர் அல்லர், மறைத்தவர். அவர் எழுதுவதை 'மொட்டைக் கடிதம்' என்று நம் மக்கள் ஏளனமாய் அழைப்பது மிகவும் பொருத்தம். அதைப் படித்து நம்பிவிடும் வீட்டாரையும் நாம் குற்றமற்றவர் என்று கூறுவதற்கில்லை.

எனினும், மேலதிகாரியின் ஊழலைக் கண்ட எளிய எழுத்தர் பெயரிட்டு எழுதினால் அவர் பிழைப்பு என்னாகும்? பெயரில்லா முறையீடுகளின்மீது நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999இல் அறிவுறுத்தியது. 2004இல் நடுவணரசு பிறப்பித்த தீர்மானமோ இடைவழி ஒன்றைத் திறந்தது. அதன்படி முறையிடுபவர் தம் பெயரை ஆணையத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அதனைப் பிறர் அறியாமல் காப்பது ஆணையத்தின் கடமை.